ஒன்பது எலிகளின் வலப்பக்கம்

கல்லிடைக்குறிச்சி,
14.6.2024

ஹெப்ரான் அண்ணனுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். உங்கள் எண்ணை நான்தான் போனிலிருந்து அழித்தேன், அதனால் கூப்பிட வழியில்லை. மின்னஞ்சல் முகவரி உங்கள் ஆய்வு நிறுவனத்தின் பக்கத்தில் கிடக்கிறது. அதை உங்களைத் தவிர வேறு யாராவது படிப்பார்களோ என்று பயம். புனேவுக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று போஸ்ட் ஆபீஸில் கேட்டேன். "எழுதிக் குடுத்தாத்தான போவும்" என்று அங்கிருந்த அம்மாள் சொன்னாள். அதுவும் சரிதான்.

கோபத்தில் எழுதவில்லை. பழைய கோபம் இருக்கிறது. அது அதன் பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும்.

சேரன்மகாதேவி கல்லூரியில் பதினோரு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளராகவே இருக்கிறேன். இந்த வருஷமும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நரம்பியல் பாடம். அவர்கள் ஒரு மூளையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. படமாவது காட்டுவோம் என்று, பெங்களூரில் நாம் சேர்ந்து ஆராய்ச்சி செய்த லேபிலிருந்து கொண்டுவந்த பென் டிரைவைத் தேடி எடுத்தேன். அதில் 'தேன்மொழி இல்லாதபோது' என்று நீங்கள் பெயர் வைத்துக் கொடுத்த ஒரு ஃபோல்டர் இருந்தது. 2011இல் என் அப்பா இறந்து நான் பதினெட்டு நாள் ஊரில் கிடந்தபோது, என் வேலையை நீங்கள் செய்து எடுத்த படங்கள். அந்த நாட்கள் ஞாபகத்துக்கு வரும் என்று இத்தனை வருஷமும் நான் அதைத் திறக்கவே இல்லை.

இனி எழுதப்போவது உங்களுக்கும் தெரிந்ததுதான். வரிசையாக எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. எலியின் மூளையைச் சீவினால் ஒவ்வொரு சீவலும் தண்ணீரில் மிதக்கும். பிரஷ்ஷால் எடுத்துக் கண்ணாடியில் விரிக்கும்போது அது குப்புற விழுந்ததா மல்லாந்து விழுந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சீவுவதற்கு முன்பே மூளையின் வலப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு ஊசியைக் குத்தி எடுப்போம். எல்லாச் சீவலிலும் ஒரு துளை இருக்கும். துளை இருக்கும் பக்கம் வலது. ஊசி குத்துவது என் வேலை. இருபத்து நான்கு எலிகளில் பதினைந்துக்கு நான் குத்தினேன். நான் இல்லாதபோது ஒன்பதுக்கு நீங்கள் குத்தினீர்கள்.

நான் மூளையை முதுகு மேலே இருக்கும்படி வைத்துக் குத்துவேன். உங்கள் படத்தில் மூளை மல்லாந்து கிடக்கிறது. கண் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் மேலே தெரிகிறது. ஊசி படத்தின் வலப்பக்கம் நிற்கிறது. மல்லாந்து கிடக்கும் மூளைக்கு அது இடப்பக்கம் அண்ணே.

செல் எண்ணிக்கைகள் இருந்த பழைய கோப்பைத் திறந்து, உங்கள் ஒன்பது எலிகளுக்கும் இடவலத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பாதையை நினைவில் வைக்கும்போது மூளையின் வலப்பக்கத்துச் செல்கள்தான் அதிகம் வேலை செய்கின்றன என்று நாம் எழுதினோமே, அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 30ஆம் தேதி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நேர்முகம். நிரந்தர இடம், ஒன்றே ஒன்று. எனக்கு நாற்பத்து மூன்று வயது, இதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். என்னிடம் இருக்கும் பெரிய கட்டுரை நம்முடைய அந்த ஒன்றுதான்.

படத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நீங்கள் சொன்னால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தேன்மொழி

*

புனே,
27.6.2024

தங்கச்சி தேன்மொழிக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் உன் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் பிரித்தேன். அம்மா நலம்தானே? அதைப்பற்றி ஒரு வரி நீ எழுதவில்லை.

படத்தைப் பார்த்தேன். பதிமூன்று வருஷத்துக்கு முந்தைய படம். அந்தக் காலத்துக் கேமராவில் சில சமயம் இடவலம் மாறிப் பதிவாகும். படம் எடுப்பதற்காக மூளையைத் திருப்பி வைத்திருக்கவும் கூடும். ஒரு படத்தை வைத்து ஒன்பது எலிகளைப் பற்றி முடிவு செய்வது சரியான முறை அல்ல என்று நீயே உன் மாணவர்களுக்குச் சொல்லுவாய்.

கட்டுரை வெளிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. நம் கைடு போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. யாரும் கேள்வி கேட்கவில்லை. நீ நேர்முகத்துக்குப் போ. வேலை கையில் வரட்டும், பிறகு உட்கார்ந்து பேசுவோம். இவ்வளவு வருஷம் பொறுத்தது இரண்டு மாசம் பொறுக்காதா?

உன்னைப்போல் வகுப்பில் பாடம் சொல்ல நம் தலைமுறையில் ஆள் இல்லை. அந்த இடம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். இதை உண்மையாகவே எழுதுகிறேன்.

ஹெப்ரான்

*

கல்லிடைக்குறிச்சி,
8.7.2024

அண்ணே,

அம்மா நலம். நீங்கள் எழுதியிருந்ததைச் சொன்னேன். "அப்பா செத்தன்னைக்கு போன்ல அவ்ளோ அழுத பையன்லா, அவங்கூட என்னத்துக்குட்டி பேசாம இருக்க?" என்று என்னைத்தான் திட்டினாள். அப்பளம் இட்டு இட்டு அவளுக்குத் தோள்பட்டை தூக்க முடியவில்லை. மற்றபடி வாய் நன்றாக இருக்கிறது.

கேமரா இடவலத்தை மாற்றவில்லை. படத்தின் ஓரத்தில் ஐஸ் தட்டில் நீங்கள் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். 'எலி 16' என்று உங்கள் கையெழுத்து நேராகத்தான் தெரிகிறது. நீங்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். எண்ணிக்கை எடுப்பதில் ஒரு செல்லைக்கூடத் தவறவிடாத ஆள் நீங்கள். படத்துக்காகத் திருப்பி வைத்ததாகவும் சொல்ல முடியாது. ஃபோல்டரில் ஒன்பது எலிக்கும் ஒன்பது படம் இருக்கிறது, ஒன்பதிலும் மூளை மல்லாந்துதான் கிடக்கிறது. நான் ஒன்றைத்தான் அனுப்பினேன்.

வேலை கிடைக்கட்டும், பிறகு பேசுவோம் என்கிறீர்கள். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. பத்து நாளாக அதே நினைப்புதான். அந்தக் கல்லூரியைச் சுற்றி ஒரு நாள் பஸ்ஸில் போய் வந்தேன், உள்ளே ஒரு அறையில் என் பெயர்ப் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன்.

என் கஷ்டம் வேறே இடத்தில் இருக்கிறது. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குறிப்பில் நம்முடைய முடிவை ஒரு பாடமாகவே எழுதி வைத்திருக்கிறேன். உள்ளூரில் பிறந்த ஒருத்தி கண்டுபிடித்தது என்று கொஞ்சம் பெருமை. பதினோரு வருஷமாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், நான் சரி போடுகிறேன். போன வருஷம் பெனிஷா என்று இடிந்தகரைப் பிள்ளை ஒருத்தி 'இரண்டு பக்கமும் சமம்' என்று எழுதியிருந்தாள். வகுப்பைக் கவனிக்கவில்லை என்று கூப்பிட்டுத் திட்டினேன். சிவப்பு மையால் அடித்து இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அவள் தெரியாமல் எழுதியதுதான். ஆனாலும் அவள் எழுதியது சரி.

இந்த வாரம் அந்தப் பாடம் வந்தது. கரும்பலகையில் மூளையை வரைந்துவிட்டு வலப்பக்கம் என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை. மணி அடிக்கும்வரை மூளைத்தண்டைப் பற்றிப் பேசிச் சமாளித்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற இதழுக்கு இரண்டு பேரும் எழுத வேண்டும். நீங்கள் எழுதுவீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள்.

தேன்மொழி

*

புனே,
25.7.2024

தேன்மொழி,

உன் கடிதத்தைப் படித்துப் பத்து நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதி உடனே தபாலில் போட்டுவிடப் போகிறேன், திரும்பப் படித்தால் போட மாட்டேன்.

எனக்குத் தெரியும். இன்று நேற்று அல்ல, 2017இலிருந்தே தெரியும்.

புனேவுக்கு வந்த புதிதில் ரசீத் என்ற பையன் என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான். நம் ஊர்க்காரன், மேலப்பாளையம். நம்முடைய சோதனையைத் திரும்பச் செய்து, அங்கிருந்து மேலே போவதுதான் அவனுக்கு வேலை. முதல் வருஷமே அவனுக்கு இரண்டு பக்கமும் சமமாக வந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். மறுபடியும் சமம். ஒரு நாள் அவன் ஊசி குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் மூளையை முதுகு மேலே வைத்துக் குத்தினான். அந்த நிமிஷம் என் கை அந்த ஒன்பது எலிகளுக்கு என்ன செய்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது. நான் அதுவரை மூளையைக் கீழ்ப்பக்கமிருந்து பார்த்துப் பழகியவன். அப்படியே வைத்து, என் வலது கைப்பக்கம் குத்திவிட்டேன்.

அவனிடம் சொல்லவில்லை. அவன் செய்முறையில்தான் கோளாறு என்று சொன்னேன். நான்கு வருஷம் அவனைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். என் வேலை நிரந்தரமாகும் வரை என்று நினைத்தேன், பிறகு அடுத்த நிதி வரும் வரை என்று நினைத்தேன். 2021இல் அவன் பட்டம் வாங்காமலே ஊருக்குப் போய்விட்டான். இப்போது மேலப்பாளையத்தில் மாமா கடையில் துணி விற்கிறான்.

2018இல் நீ என் லேபில் வேலை கேட்டாய். வயது கூடிவிட்டது என்று நான் எழுதினேன். நீ அதோடு என்னோடு பேச்சை விட்டாய். வயது காரணமில்லை தேன்மொழி. நீ வந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன்.

இதற்கு மேல் எழுத எனக்கு முகம் இல்லை.

ஹெப்ரான்

*

கல்லிடைக்குறிச்சி,
2.8.2024

அண்ணே,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். படித்துறையில் துணி துவைத்தவர்கள் "டீச்சர், தேதி என்ன" என்று கேட்டார்கள். சட்டென்று எனக்குத் தேதி வரவில்லை.

எனக்குச் செய்ததை விடுங்கள். நான் சுழன்று சுழன்று எப்படியோ ஒரு வகுப்பறைக்குள் வந்து நின்றுவிட்டேன். எனக்குப் பாடம் சொல்லப் பிடிக்கும். அந்தப் பையன் சரியான விடையை நான்கு வருஷம் கையில் வைத்துக்கொண்டு, தப்பு தப்பு என்று கேட்டிருக்கிறான். அவனிடம் நீங்கள் சொன்னது நான் பெனிஷாவிடம் சொன்னதேதான். எனக்குத் தெரியாமல் சொன்னேன், உங்களுக்குத் தெரியும்.

ரசீத்துக்கு இது அச்சில் வர வேண்டும். வாய்வார்த்தையாக நான் போய்ச் சொன்னால் ஆறுதல் என்று நினைத்துக்கொள்வான்.

நேர்முகத்துக்குக் கொடுத்த கட்டுரைப் பட்டியலிலிருந்து அந்தக் கட்டுரையை நான் இன்று அடித்துவிட்டேன். இதழுக்குக் கடிதமும் தயாராக இருக்கிறது. உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் அவர்கள் விசாரணை அது இது என்று மூன்று வருஷம் இழுப்பார்கள். கையெழுத்துப் போடுங்கள்.

தேன்மொழி

*

புனே,
13.8.2024

தேன்மொழிக்கு,

போடுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் நீ கேட்க வேண்டும்.

அன்று உனக்குக் கிடைத்தது ஏழு நாள் விடுப்பு. நீ பதினெட்டு நாள் இருந்தாய். உன் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று, ஆய்வகப் பதிவேட்டில் அந்த ஒன்பது எலிகளுக்கும் உன் கையெழுத்தை நான்தான் போட்டேன். திரும்பி வந்ததும் உன்னிடம் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். கட்டுரையிலும் ஊசிக் குறியிட்டது நீ என்றுதான் இருக்கிறது.

இதழ் பதிவேட்டைக் கேட்கும். பதிவேட்டின்படி தப்பு உன்னுடையது. அப்படி இல்லை என்று நான் எழுதினால், உன் கையெழுத்தை நான் போட்டேன் என்றும் எழுத வேண்டும். தவறு என்றால் மன்னிப்பார்கள், கள்ளக் கையெழுத்து என்றால் மன்னிக்க மாட்டார்கள். என் வேலை போவது இருக்கட்டும். என்னிடம் ஏழு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் அன்றைக்கே தெருவுக்கு வருவார்கள். நீ விடுப்பில்லாமல் போனதும் வெளியே வரும்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு பதிவேட்டில் உள்ளபடி போகட்டும் என்று நீ சம்மதித்தால், அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். இதைக் கேட்கும்போது நான் எப்படிப்பட்டவன் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஹெப்ரான்

*

கல்லிடைக்குறிச்சி,
19.11.2024

ஹெப்ரான் அண்ணனுக்கு,

அறிவிப்பு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து வரி. 'இரண்டாம் ஆசிரியர் ஒன்பது மாதிரிகளில் பக்கக் குறியைத் தவறாக இட்டதால்' என்று என்னைச் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் நான் சம்மதம் என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பினேன். ஏன் சம்மதித்தேன் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தக் கையெழுத்தை நீங்கள் எனக்காகப் போட்டீர்கள். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்வரை நான் ஊரில் இருந்தது அதனால்தான். அதை எடுத்து உங்கள் ஏழு பிள்ளைகளின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். "முக்கியமான கட்டுரைய ஏம்மா அடிச்சிருக்கிய?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். முடிவு தவறு என்றேன். "யார் பண்ணுன தவறு?" என்றார். என் தவறு என்றேன். பிறகு பாடம் எடுக்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம் எடுத்தேன். நன்றாக எடுத்தேன் என்று எனக்கே தெரிந்தது. முடிந்ததும் ஓரத்தில் இருந்த அம்மாள் வெளியே வந்து என் கையைத் தொட்டு, "நல்லா சொல்லிக் குடுக்கிய" என்றார். இடம் வேறு ஒருவருக்குப் போனது.

போன மாதம் அறிவிப்பு வந்ததும் இங்கே முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சியில் தவறு செய்த ஒருவர் கல்லூரிப் பெயருக்குக் கெடுதல் என்று யாரோ கடிதம் போட்டிருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கௌரவ விரிவுரையாளரைப் போகச் சொல்லக் காரணமே தேவையில்லை, அவர்கள் ஒரு காரணம் சொன்னதே பெரிது. மிச்சமிருந்த வகுப்புகளில் அந்தப் பாடத்தைத் திருத்திச் சொல்லிக் கொடுத்தேன். பெனிஷா படிப்பை முடித்துப் போய்விட்டாள், போன் எண் மாறிவிட்டது.

அம்மாவிடம் வேலை போனதை மட்டும் சொன்னேன். "நீ அப்படி என்னதாட்டி பண்ணுன?" என்று தினமும் கேட்கிறாள்.

நேற்று அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனேன். ரசீத் கடையை விசாரித்துப் போனபோது அவர் ஒரு அம்மாளுக்குச் சட்டைத் துணி அளந்துகொண்டிருந்தார். அளந்து மடித்து, பக்கத்தில் இருந்த ஆளிடம் வெட்டக் கொடுத்தார். கூட்டம் குறைந்த பிறகு நான் யார் என்று சொன்னேன். என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நம் கட்டுரையை இன்னும் வரி வரியாகச் சொல்லுகிறார்.

"நீங்க வெட்ட மாட்டீங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நமக்குக் கை நடுங்கும் மேடம். லேப்ல ஹெப்ரான் சார்தான் கண்டுபிடிச்சிச் சொன்னாவ. அதாலதான் எனக்கு ரிசல்ட்டே வரல. துணியக் கெடுத்துரக் கூடாதுல்லா" என்றார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். மேசைமேல் இருந்தது. நடுங்கவில்லை.

தாளைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார். உங்களுக்கு வந்ததுதான் சரியான ரிசல்ட், உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. 'இரண்டாம் ஆசிரியர்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஊசியக் குத்துனது நீங்கதானா மேடம்?"

"ஆமா" என்றேன்.

"நாலு வருசம் மேடம்" என்றார். "சார் பாவம், அவுகளுக்கும் தெரிஞ்சிருக்காது. நீங்க அப்பவே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அடுத்து ஒருவர் துணி கேட்டு வந்தார், ரசீத் எழுந்து போய் அளந்தார். வெட்டுவதற்கு மறுபடியும் பக்கத்து ஆளைக் கூப்பிட்டார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். அவருக்கு எழுதுங்கள்.

தேன்மொழி